கழிச்சேற்றில் இறங்கியவர்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்த அவருடைய பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெயிலில் வற்றிய ஒல்லி உடம்பு. உப்புத்தண்ணீரில் வெள்ளி கறுத்துவிடும் என்று, பாத்தியில் இறங்கும்போதெல்லாம் கழுத்துச் சிலுவையைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

உப்பளத்தைச் சுற்றிப் பார்க்க வந்த என் மகள், வாய்க்கால் ஓரத்து வெள்ளைப் படிவைத் தரையென்று நம்பி ஓடி, இடுப்புவரை சேற்றில் புதைந்தாள். உப்பங்கழியில் கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சேற்றின்மேல் போடப் பலகை எடுத்துவர ஆட்கள் ஓடினார்கள். அவர் காத்திருக்கவில்லை. சிலுவையைக் கவ்வியபடி இறங்கி, அவளைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். அந்த அழுத்தத்தில் அவர் மார்புவரை புதைந்தார்.

"ஏங்க எறங்குனீங்க? பலகை வருதே!" என்று கத்தினேன்.

சிலுவை வாயிலிருந்து நழுவியது.

"அதுக்குள்ள தண்ணி வந்துடும் சார். ரட்சிப்புன்னா இதாங்க. ஒருத்தர் வெளிய வரணும்னா இன்னொருத்தர் உள்ள எறங்கணும். எனக்காக ஏசு எறங்கிட்டாரு. அழாதடா பாப்பா. நீங்க தூக்கினு போங்க சார்."

அவரை உயிரோடு வெளியே இழுத்துவிட்டதாகப் பிறகு உப்பளத்திலிருந்து போனில் சொன்னார்கள். பலகை வருவதற்கு முன்பே நான் மகளோடு காரை நோக்கி நடந்துவிட்டேன். தண்ணீர் அவர் தோளைத் தொட்டதைப் பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.