அவள் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன்

என் மனைவி “வேணாம்” என்றாள். நான் டாக்டரிடம், “சரிங்கறா” என்றேன்.

2009இல், சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. மோட்டார் நியூரான் நோய் முதலில் அவள் நாக்கைப் பிடித்தது, பிறகு கைகளை. அறிவை அது தொடவே இல்லை. அவளுடைய குழறலில் சொற்களைப் பிரித்தெடுக்க வீட்டில் என் ஒருவனால்தான் முடிந்தது. சாப்பாடு புரையேறி உடம்பு இளைத்துக்கொண்டே போனதால், வயிற்றில் துளையிட்டு உணவுக் குழாய் வைக்கலாமா என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். நான் மாற்றிச் சொன்னதும் அவள் கத்தினாள்.

“என்ன சொல்றாங்க?” என்றார் டாக்டர்.

“பயமா இருக்குதாம்.”

படிவத்தில் ‘நோயாளிக்காக’ என்றிருந்த இடத்தில் கையெழுத்தும் போட்டேன். இயற்பியல் பேராசிரியரின் அழகான கையெழுத்து.

‘அன்பினால் செய்தீர்கள்’ என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களை இன்றைக்கும் வாசலோடு அனுப்பிவிடுகிறேன். குழாயால்தானே கூடுதல் காலம் உயிரோடு இருந்தாள் என்பார்கள். இருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாள்.

பண்ருட்டியிலிருந்து அவள் தங்கை வந்து எங்கள் கடலூர் வீட்டிலேயே தங்கினாள். எழுத்துகளை வரிசையாக ஒவ்வொன்றாகச் சொல்வாள். வேண்டிய எழுத்து வந்ததும் என் மனைவி கண்ணைச் சிமிட்டுவாள். இந்த வழி எனக்கும் தெரியும். அவளுக்கு என் வாய் மட்டும் போதும் என்று இருந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து தங்கை சமையலறைக்கு வந்தாள்.

“மாமா, அக்கா எல்லாத்தையும் சொல்லிடுச்சு. காலேஜ்ல பாடம் நடத்துன ஆளு, இப்படியா புளுகுவீங்க?”



2011இல் மூச்சு தளர்ந்தது. அதே டாக்டர். தொண்டையில் துளையிட்டு மூச்சு இயந்திரம் பொருத்தலாம். வேண்டாமென்றால் திணறலுக்கு மருந்து தருவோம். மனம் மாறினால் எப்போதும் சொல்லலாம் என்றார். தங்கை எழுத்துகளைச் சொன்னாள். ‘வேண்டாம்’ என்று வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார்.

“சார், நீங்க என்ன சொல்றீங்க?”

அந்த நொடியிலும் என் வாயில் வேறொரு பதில் இருந்தது. மறைக்கமாட்டேன். அதற்குள் அவள் கண் படபடத்தது. தங்கை அவசரமாக எழுத்துகளைப் பிடித்தாள்.

“எங்க ஆபீஸ்ல ஒரு சென்ட் நெலம் எழுதணும்னாலும் அது யாரு பேர்ல இருக்கோ அவங்களத்தான் கேப்போம்னு சொல்லுது சார். பத்திர ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தவங்க.”

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டு, தானே எழுத்து வரிசையைச் சொன்னார். சிமிட்டல் சிமிட்டலாக அதே ‘வேண்டாம்’ வந்தது.

இயந்திரம் வேண்டாம் என்ற படிவத்தை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே என் மனைவி தன் கட்டைவிரலைத் தங்கை பிடிக்க விட்டாள். பதிந்ததும் மறுபடியும் சிமிட்டினாள். தங்கை சிரித்துவிட்டாள்.

“மை ஜாஸ்தியாம். ரேகை தெரியலையாம். இன்னொண்ணு வைக்கணுமாம்.”

இரண்டாவது ரேகை தெளிவாக விழுந்தது. என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள் என் மனைவி. அதற்கு மேல் எனக்கு அந்தக் காகிதத்தில் இடம் தரவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் மூச்சு விட்டு விட்டு வந்தது. மருந்து கொடுத்திருந்தோம், முகத்தில் திணறல் இல்லை. கூடத்தில் என் அண்ணன் போனை எடுத்தார்.

“ஆம்புலன்ஸக் கூப்புடுறேன். பொண்டாட்டிய சாவ விடுறியாடா? நீயெல்லாம் மனுஷனா?”

போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அறுபத்தெட்டு வயதில் அண்ணனை எதிர்த்து நான் செய்த முதல் காரியம் அது.

“கேக்க வேண்டியவங்களக் கேட்டாச்சு. கத்துறதா இருந்தா தெருவுல போயி கத்துங்க” என்றேன்.

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.