மீனின் தொண்டையில் சிக்கிய மீன்

தொண்டையில் மீன் முள் சிக்கி அவதிப்பட்ட ஆள் மட்டாஞ்சேரியில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். மீனின் தொண்டையிலேயே முள் சிக்கி அதற்கு வைத்தியம் பார்த்த வீடு, எனக்குத் தெரிந்து, எங்களுடையது மட்டும்தான். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நின்று உதவி செய்ததாக என் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று அழுவதையும் ஒருவகை உதவி என்று எடுத்துக்கொண்டால் அது பொய்யில்லை.

முதலில் சுவரைச் சொல்லிவிடுகிறேன். அத்தாவும் அவருடைய தம்பியான சாச்சாவும் ஒரே வீட்டில் இருந்து ஒரே மசாலாக் கடையை நடத்தியவர்கள். ஏதோ ஒரு பேச்சு முற்றிப் பாகப்பிரிவினை வந்தது. பஜார் கடையில் மிளகாய் அத்தாவுக்கு, மல்லி சாச்சாவுக்கு என்று ஆனது. எங்கள் வீட்டுக் குழம்பில் காரம் தலைக்கேறியதும் அவர்கள் வீட்டுக் குழம்பு கஷாயமானதும் அந்த வருஷத்தில்தான். அடுத்து வீட்டின் கூடத்தை இரண்டாக்க ஜமாஅத் பெரியவர்கள் வந்து கயிறு பிடித்தார்கள். கயிறு நேராகப் போய் மீன்தொட்டியின் நடுமுதுகில் விழுந்தது.

நாலடி நீளத் தொட்டி அது, அண்ணனும் தம்பியும் கூட்டாக வாங்கியது. செங்கல் மேடை கட்டி அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். நகர்த்தினால் விரிசல் விடும். கட்டிலைப் பங்கு வைக்கலாம், பீரோவைப் பங்கு வைக்கலாம். தண்ணீரையும் அதில் நீந்திக்கொண்டிருக்கும் மீனையும் என்ன செய்வது? பெரியவர்கள் இரண்டு சுற்று சாயா குடித்து யோசித்துவிட்டு, தொட்டியை அப்படியே விட்டு அதைச் சுற்றிச் சுவரைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். இப்படியாக, மற்ற வீட்டுச் சுவர்களில் ஜன்னல் இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் இருந்தது. அதற்கு மேலே கை நுழையும்படி ஒரு சந்து. அதை மூட இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பலகை.

அத்தாவும் சாச்சாவும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மாவும் சாச்சியும் பேசக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரே அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து மத்தி ஆய்ந்த அந்த இரண்டு பேரும், புருஷன்மாரின் முகத்தைப் பார்த்துத் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. எனக்கு இருந்த துக்கமே வேறு. பாகம் பிரித்ததில் டிவி அந்தப் பக்கம் போய்விட்டது. எங்களுக்கு வந்தது தையல் மெஷின். தையல் மெஷினில் கிரிக்கெட் வராது.

ஆனால் ஆண்டவன் கருணையுள்ளவன். சாச்சா டிவியைத் தொட்டிக்கு நேர் எதிரே வைத்திருந்தார். எங்கள் பக்கம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றால் தண்ணீருக்கு அப்பால் கிரிக்கெட் தெரியும். சத்தம் வராது, பேட்ஸ்மேன்கள் கொஞ்சம் நெளிவார்கள், சில சமயம் ஒரு மீன் குறுக்கே வந்து பந்தை விழுங்குவது போலிருக்கும். அதனால் என்ன?

அந்த மீன் ஆஸ்கார் என்கிற ஜாதி. அடுப்புக்கரியில் அங்கங்கே தணல் ஒட்டினாற்போல் நிறம். உள்ளங்கை அகலம். குணத்தைப் பற்றிச் சொல்வதானால், அஸர் தொழுகைக்கு ஒரு தங்கமீனைத் தொட்டியில் விட்டால் பொழுது சாயும் மஃரிபுக்குள் காணாமல் போயிருக்கும். கை விட்டால் கையைக் கடிக்கும். நாங்கள் அதைச் சுல்தான் என்று கூப்பிட்டோம். தினமும் காலையில் அத்தா பலகையைத் தூக்கி உரித்த இறாலைப் போடுவார். அது தின்றுவிட்டு, போதாது என்பதுபோல் வாலால் தண்ணீரை அடிக்கும். அத்தா இன்னும் கொஞ்சம் போடுவார். தொட்டியைக் கழுவும் வேலை மட்டும் எப்போதும் அந்தப் பக்கத்து வேலையாக இருந்தது. அந்தப் பக்கத்தாருக்கோ அது எங்கள் வேலையாக இருந்தது.

கண்ணாடியில் பாசி பிடித்தது. முதலில் மூலைகளில், பிறகு நடுவில். ஒரு நாள் ஸ்கோர் தெரியவில்லை. அடுத்த வாரம் பேட்ஸ்மேனே தெரியவில்லை. பச்சை வெல்வெட் திரை போட்டதுபோல் சாச்சா வீடு முழுக்க மறைந்துபோனது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். வழக்கமாக டிவி என்று வாயெடுத்தாலே "போய்ப் படிடா" என்று சொல்கிறவள், அன்றைக்குத் துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கண்ணாடி தெரியணும். அவ்வளவுதானே?" என்றாள். மறுநாள் தோப்பும்படி பக்கம் ஒரு வளர்ப்புமீன் கடைக்கு என்னைக் கூட்டிப்போனாள். என் மேல் அம்மாவுக்கு எவ்வளவு பாசம் என்று பஸ்ஸில் நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருந்தேன்.

"பாசி திங்கிற மீன் இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"டாங்க் கிளீனர் உண்டு இத்தா," என்றார் கடைக்காரர். "தொட்டியில வேற என்ன கிடக்கு?"

"ஆஸ்கார்," என்றேன் நான், பெருமையாக.

அவர் முகத்திலிருந்த வியாபாரச் சிரிப்பு இறங்கிவிட்டது. "அது சிக்லிட் ஜாதி, மோனே. கூட ஒருத்தனைக் குடியிருக்க விடாது. எடுக்கிறதுன்னா பெருசா எடுத்துக்கோ. அதோட வாய்ல கொள்ளாததா இருக்கணும்."

அம்மா குனிந்து கிளீனர்களைப் பார்த்தாள். கருவாட்டுக்கு உயிர் வந்ததுபோல் அவை கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கின. "செவுளைத் தூக்கிக் காட்டுங்க," என்றாள்.

"எதுக்கு இத்தா? எல்லாம் உயிரோடதானே இருக்கு?"

அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆனாலும் கை பழகிய பழக்கம் போகுமா? பெரிய மீன்களை வயசானவை என்று ஒதுக்கிவிட்டு விரல் நீளத்துக்கு ஒன்றைக் காட்டினாள். "இது போதும். சின்னதுன்னா முள்ளு இளசா இருக்கும்."

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பெரியவனுக்கு வயிறு நிறையப் போட்டபிறகு சின்னவனை விடுங்கள், ஒளிந்துகொள்ள ஒரு இடம் வையுங்கள் என்று சொல்லியனுப்பினார். அம்மா உடைந்த மீன்சட்டி ஒன்றைத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தாள். மீன்சட்டிக்குள் உயிர் பிழைக்க ஒளிந்துகொண்ட மீன் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

கிளீனர் வேலைக்காரன். சுல்தான் அசந்த நேரம் பார்த்து வெளியே வந்து, கண்ணாடியை நக்கிக்கொண்டே போனான். ஒரு கோடு வெளுத்தது. அந்தக் கோட்டில் செய்தி வாசிக்கும் பெண்ணின் ஒரு காது தெரிந்தது. இன்னொரு கோட்டில் அரை ஸ்டம்ப். ஆனால் கண்ணாடி இரண்டாயிற்றே? எங்கள் பக்கத்தை நக்கி முடித்தாலும் அந்தப் பக்கம் பச்சையாகவே இருக்குமே என்று கவலைப்பட்டேன். ஆச்சரியம், அந்தப் பக்கம்தான் வேகமாக வெளுத்தது. தண்ணீரில் அவ்வப்போது தேங்காய் நார்த் துணுக்கு மிதந்தது. சுல்தான் அதைக் கவ்விப் பார்த்துத் துப்புவான். கிளீனரின் கழிவு போலிருக்கிறது என்று நினைத்தேன். சாச்சி பாத்திரம் தேய்ப்பது நாரை வைத்துத்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மூளைதான் அப்போது வேறு வேலையில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு எல்லோரும் கண்ணயர்ந்த மத்தியானம். அந்தப் பக்கம் டிவியில் மேட்ச் ஓடுகிறது. கிளீனர் சரியாகப் பந்துவீச்சாளரின் முகத்துக்கு நேரே ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறான். நான் கண்ணாடியைத் தட்டினேன். சட்டென்று விலகிவிட்டான். நல்ல பையன், சொன்னால் கேட்கிறான் என்று சந்தோஷமாக ஒரு ஓவர் பார்த்திருப்பேன். அப்போதுதான் சுல்தான் ஒரு மாதிரியாகச் சுற்றுவதைக் கவனித்தேன். அவன் வாயிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது.

கிளீனருக்கு ஆபத்து வந்தால் பக்கத்துத் துடுப்புகளின் முள்ளைக் குடை விரிப்பதுபோல் விரித்துவிடும் என்று யார் கண்டது? விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சுல்தான் வாயைப் பிளந்துகொண்டு தவித்தான். நான் ஊரே கேட்கும்படி கத்தினேன்: "அம்மா, முள்ளு சிக்கிருச்சு."

எங்கள் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கை தானாக வேலை செய்யும். அம்மா சோற்றை உருட்டிக்கொண்டே ஓடி வந்தாள். அந்தப் பக்கத்துப் பலகை தடாலென்று திறந்தது. சாச்சியின் கை, உரித்த வாழைப்பழத்தோடு, சந்தில் நீண்டது.

"யாருக்குக்கா? சின்னவனுக்கா? மெல்லாம முழுங்கச் சொல்லுங்க."

"எனக்கில்ல சாச்சி. சுல்தானுக்கு."

"யாரு சுல்தான்?"

நான் தொட்டியைக் காட்டினேன். அம்மா கையிலிருந்த சோற்று உருண்டையைப் பார்த்தாள். சாச்சி வாழைப்பழத்தைப் பார்த்தாள். கொண்டுவந்ததை வீணாக்குவானேன் என்று இரண்டு பேரும் தொட்டிக்குள் போட்டார்கள்.

தொட்டி பாயசமானதுதான் மிச்சம். சுல்தான் நிலைமை மோசமானது. நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கி ஆண்டவனிடம் பேரம் பேச ஆரம்பித்தேன். அந்த மீனைப் பிழைக்க வை, இனிமேல் டிவியே பார்க்க மாட்டேன் என்றேன். உடனே, இந்தியா ஆடாத நாட்களில் என்று திருத்திக்கொண்டேன். மீன் செத்தால் கிளீனர் வரக் காரணமே நான்தானே என்று அத்தா என் தோலை உரிப்பார். அதைவிட, சாச்சா கோபத்தில் தொட்டி இருக்கும் இடத்தையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால்?

சத்தத்தில் அத்தா எழுந்து வந்தார். வெள்ளிக்கிழமைச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கை விட்டார். சுல்தான் வாலால் ஓங்கி ஒன்று வைத்தான். அத்தாவின் தாடியில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டது. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து நனைத்த துண்டோடு இரண்டு கைகள் இறங்கின. சாச்சாவின் கைகள். அவை சுல்தானைத் துண்டோடு சேர்த்து அமுக்கித் தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கின.

"பிடிச்சாச்சு," என்றது சுவருக்கு அப்பாலிருந்து குரல். "வெட்டுறவங்க வெட்டலாம்."

அம்மா நகவெட்டியைக் கொடுத்தாள். அத்தா சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "ஆட்டாம பிடிச்சா வெட்டலாம்."

"ஆட்டுறது நான் இல்ல. மோனுதான் ஆடுறான்."

அத்தாவின் கை நின்றது. "யாரு மோனு?"

"இவன்தான்."

"இவன் பேரு சுல்தான். தினம் காலையில என் கையால இறால் திங்கிறவன்."

"காலையிலயா? காலையில நானில்ல இவனுக்கு இறால் போடுறேன்."

"அப்ப ரெண்டு வீட்டுலயும் திங்கிறானா?"

"அதான் தண்ணி இந்த லட்சணத்துல கிடக்கு."

"பேசி முடிச்சிட்டு வெட்டுவீங்களா, வெட்டிட்டுப் பேசுவீங்களா?" என்றாள் அம்மா.

கிளீனரின் முள்ளில் நகவெட்டி இரண்டு தடவை டிக் என்றது. கிளீனர் கல் மாதிரி விழுந்து நேராக மீன்சட்டிக்குள் போனான். சாச்சா துண்டைத் தளர்த்தினார். சுல்தான் மெதுவாக அடியில் இறங்கி, ஒருக்களித்துப் படுத்து, அசையாமல் கிடந்தான். நான் மூட்டைக்குப் பின்னாலிருந்து அழுதபடியே "இன்னா லில்லாஹி" ஓதினேன்.

"வாயை மூடுடா," என்றார் அத்தா. "அது சாகல. கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கு."

"குடும்பத்துப் புத்தி எங்க போகும்?" என்றது சுவருக்கு அப்பாலிருந்து.

அத்தாவின் மீசை லேசாக அசைந்தது. பலகையை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு மீன் விஷயத்தோடு நின்றது. பலகையைத் தூக்கி "போட்டாச்சா?" என்று ஒரு குரல், "போட்டாச்சு" என்று இன்னொரு குரல், அவ்வளவுதான். காலைத் தீனி அவர்களுக்கு, சாயங்காலத் தீனி எங்களுக்கு என்று ஆனது. சுல்தான் இளைத்தான். கொஞ்ச நாள் கழித்து அத்தாவே ஒரு பெரிய கிளீனரை வாங்கி வந்து தொட்டியில் விட்டார். சுல்தான் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பழைய அனுபவத்தை நினைத்தோ என்னவோ, ஒதுங்கிப்போனான். அத்தாவுக்கும் கிரிக்கெட் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு கிளீனர்களும் சேர்ந்து இரண்டு கண்ணாடியையும் பளிங்காக்கிவிட்டார்கள். எனக்கு ஸ்கோர் தெரிந்தது, விளம்பரம் தெரிந்தது, நடுவரின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. ஒரே தொந்தரவு அம்மா. அடுப்படியில் செய்ய வேண்டிய வேலையையெல்லாம் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் சாச்சியும் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால், எங்களைப் பார்த்து உட்காருவாள். சாச்சி ஒரு சொத்தைக் கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டுவாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இரண்டு தலைகளுக்கு நடுவே நான் பந்தைத் தேடுவேன். "மறைக்குதும்மா" என்று கத்தினால் அம்மா ஒரு அங்குலம் நகர்ந்து உட்காருவாள். இவளும் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. நான் அலுத்துப்போய் எழுந்தேன். அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"டிவியே ஓடல. எதைம்மா பார்க்குற?"

"மீனைப் பார்க்குறேன்டா."

நானும் குனிந்து பார்த்தேன். சுல்தான் கோடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கிளீனர்கள் சட்டிக்குப் பின்னால் இருந்தார்கள். அம்மாவுக்கு நேரே மீன் எதுவும் இல்லை. அத்தா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்குப் பார்வை கெட்டுவிட்டது, மீன் இல்லாத இடத்தில் மீன் தெரிகிறது, சீக்கிரம் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்றேன்.

அத்தா கூடத்தை எட்டிப் பார்த்தார். அம்மாவின் முதுகு எங்களைப் பார்த்து இருந்தது.

"அவளுக்குத்தான் நாலடி நீளத்துக்கு ஒண்ணு இருக்கேடா," என்றார்.

நாலடி நீளத்தில் ஒரு மூக்குக்கண்ணாடியை அம்மா எங்கே ஒளித்துவைத்திருக்க முடியும் என்று அன்றைக்கு வீடு முழுக்கத் தேடினேன்.