அத்திப்பள்ளியில் ஜெனரல் ஷிப்ட்

வெளிநாடுகளில் வண்டி விற்பனை படுத்த அந்த வருடம், ஓசூர் வண்டிக் கம்பெனியில் என் வேலையும் போனது. வீட்டில் சொல்லத் தைரியமில்லை. தினமும் காலை ஜெனரல் ஷிப்டுக்குப் போவதுபோல் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இறங்கிவிடுவேன். வேலை போன குற்றத்துக்காக மாநிலம் விட்டுத் தலைமறைவானவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் இன்னொருவரும் இருந்தார். வேறு கம்பெனிச் சட்டை, ஒல்லி உடம்பு, எண்ணெய்க் கறை போகாத நகங்கள். மதியம்வரை டிபன் பாக்ஸைத் தொடமாட்டார். நானோ பயத்தில் பத்து மணிக்கே என்னுடையதைத் திறந்துவிடுவேன்.

ஏன் சாப்பிடவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "இன்னும் லஞ்ச் பிரேக் விடலைங்க" என்றார். சிரிக்கவில்லை.

"நம்மூர் ஏங்க இப்படி ஆயிடுச்சு?" என்றேன்.

"ராகிக் காடா இருந்துச்சுங்க. பெங்களூரு பக்கம், நிலமும் மலிவுன்னு கம்பெனிக்காரன் வந்தான். மதுரை, திருநெல்வேலின்னு ஜனமும் வந்துச்சு. இப்ப எங்கியோ சீமையில ஒருத்தன் வண்டி வாங்கலைன்னா, நம்மூட்டு அடுப்பு எரியறதில்ல."

"உங்க வீட்ல தெரியுமா?"

"மொத வாரமே கண்டுபுடிச்சிட்டா. ஒரு வார்த்த கேக்கலீங்க. அன்னிலேர்ந்து சட்டைய இஸ்திரி போட்டுக் குடுக்கறா. அக்கம்பக்கத்துல மானம் போகக் கூடாதில்லீங்களா?"

கிண்டலாக ஒன்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் மனைவி என் கம்பெனிச் சட்டைக்கு இஸ்திரி போட்டதே இல்லை. குனிந்து பார்த்தேன். என் சட்டைக் கைமடிப்பு இஸ்திரி போட்டுக் கத்திபோல் நின்றது.

அவர் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.