நோக்கம் எழுதும் வாத்தியார்

தாண்டவராயன் சார் கரும்பலகையின் மேல் மூலையில் ‘நோக்கம்’ என்று எழுதி, அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். கோடு சற்றுச் சாய்ந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி போடுகிறார். மூன்று வகுப்புப் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து, திறந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையின் அந்த ஓராசிரியர் பள்ளியில் சாரின் முகத்தைவிட முதுகுதான் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை ஒடுகத்தூரில் பஸ் ஏறி வருவார். கழுத்தில் பவுடர், கக்கத்தில் குடை. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் ஈரம் குடித்துவிடுகிறது என்று சொந்தச் சாக்பீஸ் கொண்டுவருவார்.

போன வருஷம் வரை இப்படியில்லை. ஒருவன் ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் கூடவே இழுப்பார்கள். சார் வாரப் பத்திரிகையில் துணுக்கு படிப்பார். அப்புறம் திருப்பத்தூரில் ஒரு பயிற்சி முகாம் வந்தது. எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து படித்தால்தான் பிள்ளைக்குப் படிப்பு மனதில் நிற்கும் என்று அங்கே யாரோ பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. கண் சொருகச் சொருகக் கேட்டதில் ஒரே ஒரு சொல் கெட்டியாகப் பிடிபட்டது. அதைத் தூக்கிக்கொண்டு சார் மலையேறினார்.

அன்று முதல் பாடத்துக்கு முன்னால் நோக்கம். “இப்பாடத்தின் தலையாய நோக்கம் யாதெனில்” என்று தொடங்கினால் பலகை நிறையும்வரை முற்றுப்புள்ளி கிடையாது. துறைமுகத்தைப் பற்றிய பாடத்துக்கு நோக்கம் எழுதி முடிப்பதற்குள் மதியச் சோற்று வாசனை வந்துவிட்டது. கப்பலைக் கண்டிராத பிள்ளைகள் அதைப் பற்றி ஒரு வரிகூட வாசிக்காமலே தட்டோடு எழுந்தார்கள்.

“இன்னாத்துக்குடா படிக்கிறோம்?” என்பார்.

“நோக்கத்தோட படிக்கிறோம் சார்!” கூரை அதிரும்.

ஒருநாள் கோபால் எழுந்து, “நோக்கம்னா இன்னா சார்?” என்று கேட்டுவிட்டான்.

“அதத்தாண்டா எழுதிக்கினு கீறேன்!” என்றார் சார். அவர் எழுதி முடிக்கும்வரை கோபால் ஒற்றைக்காலில் நின்றான்.

போன வாரம் பாடவேளையில் ரஞ்சிதத்தின் அம்மா மாதம்மாள் வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் இரண்டு சீசா.

“சார், ஆசுபத்திரியில குட்த்தாங்க. ஒண்ணு இருமலுக்குக் குடிக்கறது, ஒண்ணு முட்டியில தடவறது. மலையேறி வர்றதுக்குள்ள எது இன்னான்னு மறந்து பூட்டேன். சீட்டு ஒட்டிக்கீது, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

“பாடம் நடக்குது இல்ல? நோக்கம் எழுதிட்டு வர்றேன். ஓரமா குந்தும்மா.”

“இவ அப்பன் வூட்ல இருமிக்கினே கீதுங்க. மூச்சு வாங்குது.”

சார் திரும்பவில்லை. ‘யாதெனில்’ வரை வந்துவிட்டவரால் எப்படித் திரும்ப முடியும்?

ரஞ்சிதம் எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே கோபால். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் நழுவி, சீசாக்களைச் சுற்றித் தலைகள் முட்டிக்கொண்டன. கம்பவுண்டரின் கிறுக்கல் வியர்வையில் வேறு ஊறியிருந்தது.

“கு... டி... ‘குடி’ன்னு கீதுடா! இதான் குடிக்கற மருந்து!” என்று கோபால் குதித்தான்.

“இருடா, இன்னும் எழுத்து கீது.” ரஞ்சிதம் விரலை மெல்ல நகர்த்தினாள். “குடிக்க... கூ... கூடாது.”

ரஞ்சிதம் முதலிலிருந்து மறுபடி வாசித்தாள், ராகமே இல்லாமல்: “குடிக்கக் கூடாது. மேலே தடவ மட்டும்.” அடுத்த சீசாவைக் கோபாலே அவசரப்படாமல் கடைசி எழுத்துவரை வாசித்தான்: “நன்றாகக் குலுக்கிக் குடிக்கவும்.” மாதம்மாள் குடிக்கிற மருந்தை மட்டும் தனியாக எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

அறை இத்தனை அமைதியாக இருந்ததில்லையே என்று சாருக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பினார். ஆளில்லை. கைத்தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“யார்றா எழுந்து வரச்சொன்னது? இன்னா போட்டுக்கீது அதுல?”

“குலுக்கிக் குடிக்கணுமாம் சார்!” என்றது கூட்டம்.

“பாத்தியாம்மா, எல்லாம் நோக்கத்தோட படிக்கிறதால வந்தது. குடு இப்படி.” மாதம்மாள் கையில் மிச்சமிருந்த சீசாவைச் சார் வாங்கினார். சீட்டை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு, முட்டியில் தடவுகிற மருந்தை நுரை பொங்கப் பொங்கக் குலுக்கினார்.