கூச்சத்தில் கழற்றிய கார்

எங்கள் சந்தில் முதன்முதலில் கார் வந்தது என் வீட்டுக்குத்தான். ஆசைப்பட்டு வாங்கியதல்ல. நான் வேலை பார்த்த மில்லின் முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "இந்தப் பழைய வண்டிய நீங்களே எடுத்துக்குங்க" என்றார். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அது வந்ததிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோயின. அக்கம்பக்கத்தில் ஒருவருக்குப் பெருந்துறையில் கல்யாணம், இன்னொருவருக்குப் பழனியில் மொட்டை. வண்டி ஓட்டுவதில் சிரமமில்லை. போன இடத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் வந்து, "நீங்க பொண்ணுக்கு என்ன முறைங்க?" என்று கேட்பார்கள். "டிரைவருங்க" என்பேன். "அட, குறும்பப் பாரு!" என்று சிரித்துவிட்டு இலையில் இன்னொரு ஜிலேபி வைப்பார்கள்.

யோசனை சொன்னவள் மனைவி. "முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களால ஆகாது. பேசாம காரக் கழட்டிப் போடுங்க. புதுசாட்டப் பண்றேன்னு சொல்லிக்கலாம்."

அந்த வாரமே பம்பர், கதவு, சீட்டு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. கழற்றுவதில் இத்தனை சுகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. போல்ட்டுகளை அளவுவாரியாக இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்தேன். "யோசனை சொன்னவளுக்கு நல்லா வேணுமுங்க" என்று மனைவி அன்றைக்கு உப்புமா கிண்டினாள்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரர் வந்தார். என்னைவிட இளையவர், லேத்துப் பட்டறை வைத்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, இப்படிப் பிரிச்சுப்போட்டீங்க? அடுத்த மாசம் பவானிப் பக்கம் எங்க கோயில்ல பாப்பாவுக்குக் காதுகுத்து. உங்க வண்டிலதான் வாரோம்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே!"

"முன்சக்கரத்துப் புஷ் தேஞ்சுபோச்சுங்க தம்பி. உக்கடத்துப் பழைய சாமான் கடையில கூடக் கிடைக்கலீங்க" என்றேன். உக்கடத்துக்கு நான் போகவே இல்லை.

"அவ்வளவுதானுங்களா? பழசக் குடுங்க." தேய்ந்த அந்தப் புஷ் வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலமே பளபளவென்று புதிது கடைந்து கொண்டுவந்து, அவரே மாட்டிவிட்டும் போனார்.

சந்துக்கு ஒரு லேத்து ஓடும் கோயமுத்தூரில் இருந்துகொண்டு சாமான் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொன்னது என் தப்பு. கதவுக் கீல் போச்சு என்றேன், கீல் வந்தது. அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை என்றேன்; அவருடைய மச்சினன் வெல்டிங் மெஷினோடு வந்தான். காலையில் நான் ஒன்றைக் கழற்றுவேன், சாயங்காலம் அவர் இரண்டை மாட்டுவார். பயந்துபோய் இஞ்சினின் தலையையே திறந்தேன். "நல்ல காரியம் பண்ணுனீங்கண்ணா, வால்வும் பாத்துப்போடலாம்" என்று சந்தோஷப்பட்டார்.

காதுகுத்துக்கு முந்தின நாள், பெயிண்ட் கூட ஆகிவிட்டது. மிச்சம் ஸ்டியரிங் மட்டும். அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தேன்.

"குடுங்கண்ணா, மாட்டிரலாம்."

நான் கொடுக்கவில்லை. அவர் ஒரு பக்கம் பிடித்தார். நான் விடவில்லை.

"என்னுங்கண்ணா?"

"எனக்குக் கூட்டம்னா ஆகாதுங்க தம்பி." ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னேன். "விசேஷ ஊட்டுக்குப் போனா சோறே எறங்காதுங்க. அதுக்குத்தான் இதைக் கழட்டுனதே."

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், எண்ணெய் படிந்த தன் கையைப் பார்த்தார்.

"அட, சாமி! வண்டிய மட்டும் குடுத்தாப் போதுமுங்களே. என்ற மச்சினன் ஓட்டுவான். சாவிய மட்டும் கேட்டா மரியாதைக் கொறைச்சலாப் போயிருமேன்னுதானுங்க சந்துக்காரங்க எல்லாம் உங்களையும் கூப்பிட்டுக்கிட்டிருந்தோம்!"

உள்ளே மனைவி சிரிப்பது வாசல் வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கார் கிளம்பியது. புதுச் சேலையில் மனைவிதான் முன்சீட்டில். நான் லுங்கியும் ஓட்டைப் பனியனுமாகப் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தேன். ரேடியோவைக்கூடப் போடவில்லை. யாரும் ஒன்றும் கேட்காத ஒரு பகல். படுத்ததும் தூக்கம் வந்தது.

சாயங்காலம் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் காருக்குப் பின்னால் ஒரு வேன் நிறைய ஜனம் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் எதிர்வீட்டுக்காரர், கையில் கறிக்குழம்புத் தூக்குப்போசி. "அண்ணனுக்குக் கூட்டம் ஆகாது, தனியா ஊட்ல இருக்காங்கன்னு சொன்னனுங்க. யாருக்கும் மனசு கேக்கலீங்க. அதான் எல்லாருமே வந்துட்டோம்!"

காது குத்திய பாப்பாவை என் மடியில் வைத்தார்கள். யாரோ ஒரு பெரியவர் என் தலையில் துண்டைக் கட்டினார். "பாவம், எளைச்சுப் போயிருக்காங்க" என்று ஒரு அம்மா இலையை விரித்தார். ஒரு சட்டையாவது எடுத்துப் போடலாம் என்று எழுந்தேன். அதற்குள் பீரோ இருந்த அறையில் ஜமுக்காளம் விரித்து, முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது.