மூடி கழற்றாத பேனா

சாலவாக்கம் பக்கம் ஒரு கம்பெனி, புது மருந்தைச் சோதிக்க ஆள் சேர்த்தது. சம்மதம் நியாயமாக வாங்கப்பட்டதா என்று பார்க்க அறவியலாளர் ஒருவர் வந்தார். ஒல்லி, சிடுமூஞ்சி. புரிந்ததை அவரவர் வாயால் சொல்லும்வரை பேனா மூடியைக் கழற்றமாட்டார்.

"எதுக்கும்மா கைநாட்டு வெச்சீங்க?" என்று அதில் சேர்ந்திருந்த என் அக்காவைக் கேட்டார்.

"சக்கரைக்கு நல்ல மருந்து கீதுன்னாங்க சார்."

"இன்னும் சோதனையிலதான் இருக்குன்னு சொன்னாங்களா?"

"இல்லியே."

மேனேஜரிடம் திரும்பினார். "இதுக்குப் பேரு சம்மதம் இல்ல, ஏமாத்து. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மறுவாரமே ஆளை மாற்றிவிட்டார்கள். புது அறவியலாளர் சிரித்துக்கொண்டே வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே பேனா திறந்திருந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சிடுமூஞ்சியை இனி எங்கே போய்த் தேட?