பத்து வினாடிக்கு மேல் மௌனம்

இன்று கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே லோகுவைச் சந்தித்தேன். செல்போனில் அவசரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லோகுவுக்கு முப்பத்திரண்டு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் முடிந்தால் எங்கள் சமுதாய வானொலிக்கு அவன்தான் வைத்தியன். ஸ்டுடியோ கவரைப்பேட்டையில், டவர் சோழவரம் ஏரிப்பக்கம். நடுவில் குரலைக் கொண்டுபோக வழியில்லாமல் நிலையமே நின்றுபோக இருந்தது. யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை லோகு இறக்கினான். இரண்டு பழைய கம்ப்யூட்டர்களில் ஏற்றி, இன்டர்நெட் வழியாகவே குரலை டவருக்கு அனுப்பிவிட்டான்.

அதில் ஒரு காவலும் வைத்தான். ஸ்டுடியோவிலிருந்து பத்து வினாடிக்கு மேல் சத்தம் வராவிட்டால், நெட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு டவர் கம்ப்யூட்டர் தானாக ஒரு பாட்டைப் போடும். பேச்சு திரும்பியதும் நிறுத்திவிடும். அவன் வைத்தது குத்துப்பாட்டு. "தூங்கறவன் எழுந்துக்க வேணாமா?" என்பான்.

போன மாதம் வரதன் இறந்துபோனார். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தினமும் காலை ஏழு மணிக்கு ரேடியோவில் வாசித்தவர். ஹைவேயில் பைக் விபத்து. மூன்றாம் நாள் அதே ஏழு மணிக்கு, நிலையத்தை நடத்தும் ஆரோக்கியமேரி மைக்கில் சொன்னார்: "நம்ம வரதன் அண்ணனுக்காக ரெண்டு நிமிஷம் மௌனமா இருப்போம்."

கம்பெனி வாசல் டீக்கடையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அங்கே நின்றிருந்த லோகுவுக்கு அப்போதுதான் தன் பத்து வினாடிக் காவல் உறைத்தது. எட்டு, ஒன்பது...

கடை அதிரக் குத்துப்பாட்டு.

"இன்னா நைனா இது, எழவா கல்யாணமா?" என்று யாரோ சிரித்தார்கள். பாட்டை நிறுத்த லோகுவின் செல்போனிலேயே வழி இருந்தது. கை பாக்கெட்டுக்குள் போனது, வெளியே வரவில்லை. எடுத்தால் அவன் வேலை என்று தெரிந்துவிடுமே! மிச்ச ஒரு நிமிஷம் ஐம்பது வினாடியும் பாட்டுதான். ஸ்டுடியோவில் கண்ணை மூடி நின்ற ஆரோக்கியமேரிக்கு, டவர் என்ன பாடுகிறது என்றே தெரியாது.

பிறகு தெரிந்ததும், "ஓசி சாஃப்ட்வேர்ல வேற இன்னா வரும் லோகு?" என்றார்.

"ஆமாக்கா, மக்கர் பண்ணிடுச்சி."

அதோடு விட்டானா? மென்பொருளை எழுதியவர்களின் பக்கத்தில், உங்கள் கோளாறால் இறந்தவருக்கான அஞ்சலியில் எங்களுக்கு அவமானம் என்று கோபமாகப் புகாரும் எழுதினான். இரண்டே நாளில் பதில் வந்தது. முகம் தெரியாத ஒருவர் புகாரோடு அவன் இணைத்திருந்த அமைப்பையெல்லாம் பொறுமையாகப் படித்திருந்தார். 'பத்து வினாடி என்பது நீங்கள் எழுதிய வரி. தேவைப்படும்போது அதை அணைத்துவைக்கும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். இறந்தவர் வீட்டாரிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.'

அந்தக் கடைசி வரிதான் லோகுவைக் கொன்றது. அவன் இன்னும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

நேற்று போனான். வரதனின் மனைவி ஞானம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கி அந்தப் பாட்டு... மெசின் மேல தப்பில்லக்கா. நான்தான் அப்டி எழுதி வெச்சினு இருந்தேன்."

ஞானம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "புள்ளைங்கள ரேடியோ முன்னாடி நிக்க வெச்சினு இருந்தேன். பாட்டு வந்ததும் சின்னது ஆடிச்சி. அத்த போட்டு அடிச்சிட்டேன்பா."

ஞானம்மா அடுத்த துணியை எடுத்தார்.

"வேற பாட்டே கெடைக்கலியா ஒனக்கு? அந்தப் பாட்டு வந்தாலே அந்த மனுசனுக்கு பேஜாரு. ரேடியோவ அமுத்திடும்." சொல்லிவிட்டு அவரே சிரித்து, அழுதார். "அந்த ரெண்டு நிமிசம் எனக்குத் திரும்ப வோணும் லோகு. யாரால போச்சுன்னு நீயே மைக்குல சொல்லிட்டுக் குடு."

ஆரோக்கியமேரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். தன் புகாருக்குக் கீழே, 'தவறு என்னுடையது' என்றும் எழுதிவிட்டான். இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது ஒருமுறைகூட அவன் தலை நிமிரவில்லை.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு லோகு பேசுவான். பிறகு இரண்டு நிமிஷம் எதுவும் கேட்காது. ரேடியோ கெட்டுவிட்டதென்று திருகாதீர்கள், தட்டாதீர்கள். டீக்கடை வைத்திருக்கிறவர்கள், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இதை அனுப்பிவிடுங்கள். முடிந்தவர்கள் ஸ்டுடியோவுக்கே வாருங்கள். ஞானம்மா பிள்ளைகளோடு அங்கேதான் இருப்பார்.